நாலு இலட்சம் கிலோமீற்றர் ஓடின கார்

பழைய கார் வாங்கப் போகிற யாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினை ஓடியிருக்கு?" என்பதுதான். என்ஜின் எப்படி, யாரிடம் இருந்தது, ஏன் விற்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. அந்த ஒரு இலக்கத்தைக் கேட்டவுடனேயே பாதிப் பேர் முடிவெடுத்துவிடுவார்கள். ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றால் முகம் மலரும். இரண்டு இலட்சம் என்றால் ஒரு "ம்ம்". நான் வாங்கிய கார் 4 இலட்சத்து 12 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது. இதைச் சொன்னால் எதிரில் நிற்பவர் முதலில் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார், பிறகு எனக்காகக் கவலைப்படத் தொடங்குவார்.

தெரிந்துதான் வாங்கினேன். ஏன் வாங்கினேன், எப்படிப் பார்த்து வாங்கினேன் என்பதை எழுதிவைத்தால், என்னைப் போல அளவான காசோடு அலைகிற யாருக்காவது உதவும்.

எங்கட வீடு நெல்லியடிப் பக்கம். வீட்டில் ஏற்கெனவே ஒரு வாகனம் இருக்கிறது, என்னுடைய ஸ்கூட்டி. வேலைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு எல்லாத்துக்கும் அதுதான். 2023 கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் சோர்ந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது, கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து பயிற்சி செய்யச் சொன்னார்கள். முதல் ஆறு மாதத்துக்குள்தான் கூடுதலாகத் திரும்பி வரும், ஒரு நாளும் விடாதீர்கள் என்றும் சொன்னார்கள்.

நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணம் சுமார் 25 கிலோமீற்றர். அப்பாவால் ஸ்கூட்டியில் இருக்க முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. மிஞ்சியது ஓட்டோ. அதில் ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கி வைத்து, கையால் கம்பியைப் பிடித்து, உடம்பை உள்ளே இழுக்க வேண்டும். அப்பாவிடம் அப்போது இல்லாதவை அந்தக் காலும் அந்தக் கையும்தான். நானும் ஓட்டோக்கார அண்ணாவுமாகத் தூக்கி வைப்போம். வல்லைவெளி தாண்டும்போது காற்று இரண்டு பக்கத்தாலும் அடிக்கும். மாரியில் சீலையை இறக்கிவிட்டாலும் பாதி நனைந்துதான் போய்ச் சேருவோம். போய்வர, காத்து நிற்கிற நேரத்தோடு சேர்த்து 5,000 ரூபா. கிழமைக்கு 10,000. மாதம் 40,000.

மூன்றாம் கிழமையே அப்பா, "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை, உடம்பு அலுப்பாக் கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினார். அது என்ன அலுப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதின மனிசன். மாதம் 40,000 எங்கிருந்து வருகிறது என்று அவர் கூட்டிப் பார்த்திருப்பார்.

அப்படித்தான் இரண்டாவது வாகனம் என்ற கதை வீட்டில் தொடங்கியது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிரான்சில் இருக்கும் அக்கா, "கிட்டடியிலை வந்த சின்னக் கார் ஒண்டை லீசிங்கிலை எடு, நான் மாசம் பாதி போடுறன்" என்றாள். மச்சான் ஒருவன், "இறக்குமதி திறக்கப் போறாங்கள், விலை விழும், கொஞ்சம் பொறு" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2020 மார்ச்சில் டொலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து, நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருந்தன. இருபது வருடம் பழைய காரை, வாங்கின விலையை விடக் கூட விலைக்கு விற்றார்கள். கடைசியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஆனால் அப்பாவுக்குச் சொன்ன ஆறு மாதம் 2024 நடுப்பகுதியோடு முடிந்துவிடும். இறக்குமதிக்காகக் காத்திருக்கலாம், நரம்பு காத்திருக்காது.

லீசிங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதக் கட்டணம் ஓட்டோக் காசை விடக் கூட வந்தது. அதுவும் ஐந்து வருடத்துக்கு. கட்டத் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்களுக்குத் தேவை கிழமைக்கு 100 கிலோமீற்றர், மாதத்துக்கு 400. வருடத்துக்கு 5,000 அளவுதான் வரும். அந்த ஓட்டத்துக்கு இலட்சக்கணக்கில் கடன்பட வேண்டுமா?

இதில்தான் இரண்டாவது வாகனத்துக்கு என்று ஒரு தனிக் கணக்கு இருப்பது விளங்கியது. ஒரே வாகனம் என்றால் அது நிற்கக்கூடாது, நின்றால் சீவியம் நிற்கும். இரண்டாவது வாகனம் ஒரு நாள் நின்றால் ஸ்கூட்டி இருக்கிறது. மெக்கானிக்கைக் கூட்டிவரலாம், அன்றைக்கு மட்டும் ஓட்டோ பிடிக்கலாம். பெற்றோல் கொஞ்சம் கூடக் குடித்தாலும் ஓட்டம் குறைவென்பதால் பெரிதாகத் தெரியாது. லீற்றருக்கு 11 கிலோமீற்றர் என்று வைத்தால் மாதம் 36 லீற்றர்.  ஆகவே எங்களுக்கு வேண்டியது புதிய கார் அல்ல, சொன்ன நாளில் நம்பி ஏறக்கூடிய ஒரு கார். கையில் இருந்தது என்னுடைய சேமிப்பு, அம்மாவின் சீட்டுக்காசு, அக்கா அனுப்பியது எல்லாம் சேர்த்து 28 இலட்சம். அதில் 2 இலட்சத்தைத் திருத்த வேலைக்கென்று தொடாமல் வைக்கச் சொன்னது எங்கட மெக்கானிக் அண்ணா. பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய புத்திமதி அது. கையில் உள்ள முழுக் காசையும் விலைக்கே கொடுத்துவிட்டால், முதல் மாதம் பிரேக் செய்யவும் காசிராது.

நான்கு கார்கள் பார்த்தோம்.

முதலாவது, வாகனம் விற்கிற ஒரு இடத்தில். 1995 மொடல், மீற்றரில் 87,000. என்னோடு வந்த மச்சானிடமே எல்லாவற்றையும் சொன்னார்கள். வாங்கப் போவதும் ஓட்டப் போவதும் நான் என்று இரண்டு தரம் சொன்ன பிறகும், சாவியை அவனிடம்தான் நீட்டினார்கள். கார் மினுங்கியது. மெக்கானிக் அண்ணா பொனற்றைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து குந்தியிருந்து கிளச் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்து, ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கிற இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. ட்ரைவர் சீற்றின் ஓரம் அமிழ்ந்து கிடந்தது.

வெளியே வந்த பிறகு கணக்குச் சொன்னார். "தங்கச்சி, 29 வருசத்திலை 87,000 எண்டால் வருசத்துக்கு 3,000. ஒரு நாளைக்கு எட்டுக் கிலோமீற்றர். அந்த ஓட்டத்துக்குப் பெடல் ரப்பர் இப்பிடித் தேயுமோ?"

மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. "எல்லாரும் வந்து ஒரு இலட்சத்துக்குக் கீழைதான் வேணும் எண்டுறியள். முப்பது வருசக் கார் அப்பிடி எங்கை கிடக்கு? நீங்கள் கேக்கிற பொய்யைத்தான் அவங்கள் சொல்லுறாங்கள்."

அந்த வசனம் எனக்குள் நின்றுவிட்டது. சந்தையில் பொய் எங்கிருந்து தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. நன்றாக ஓடி, நன்றாகப் பார்க்கப்பட்ட காருக்கு விலையில்லை. ஓடாததுபோல் காட்டுகிற காருக்கு விலை இருக்கிறது. அப்படியென்றால் உண்மையைச் சொல்கிறவர்தான் நட்டப்படுவார்.

இரண்டாவது கார் புதுப் பெயின்ற். அண்ணா சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துச் சில்லுக்கு மேலே இருக்கும் வளைவில் வைத்தார். ஒட்டவில்லை. உள்ளே தகரம் உக்கிப் போய், புட்டி தடிப்பாகப் பூசியிருந்தது. கடற்கரையோரம் நின்ற வண்டிகளில் உப்புக்காற்று இந்த வேலையைச் செய்யும். கதவுக்குக் கீழே உள்ள படி, சில்லு வளைவு, டிக்கிக்குள் ஸ்பெயார் டயர் கிடக்கும் குழி, இந்த மூன்றையும் பார்க்காமல் யாழ்ப்பாணத்தில் கார் வாங்கக்கூடாது. என்ஜினைத் திருத்தலாம். உக்கின உடம்பைத் திருத்தி முடியாது.

மூன்றாவது கார் உண்மையிலேயே நல்லாக இருந்தது. ஆனால் விற்க வந்தவரின் பெயர் புத்தகத்தில் இல்லை. அவருக்கு விற்றவரின் பெயரும் இல்லை. ஓப்பன் பேப்பர். எங்கோ இருக்கும் பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்த படிவம் நாலு கை மாறி வந்திருக்கிறது. கைமாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம், ஆனால் எங்கட சனம் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. வண்டி எங்காவது விபத்தில் மாட்டினால் பொலிஸ் தேடிப்போவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். பேப்பரில் ஒரு பிழை வந்து, அந்தப் பழைய ஆளும் இல்லாமல் போனால், காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் காரை ஓட்ட மட்டும்தான் முடியும், விற்க முடியாது. அதையும் விட்டோம்.

நாலாவது கார் விற்பனைக்கு என்று எங்கும் போடப்படவில்லை. மெக்கானிக் அண்ணாதான் சொன்னார். "ஒரு ஐயா ஹயர் ஓடினவர். கண் பார்வை குறைஞ்சிட்டுது எண்டு விக்கப் போறார். ஆனால் கனக்க ஓடின கார், பயப்பிடாமல் வந்து பாருங்கோ."

டொயோட்டா கொரோலா, 100 மொடல், 1994இல் செய்தது. வெள்ளை. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் வருவதற்கு முந்திய டாஷ் நம்பர். காலை ஏழு மணிக்குப் போனோம். பழைய காரைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் வருவதற்கு முதலே சூடாக்கி வைத்தால் பாதி வருத்தம் மறைந்துவிடும். பொனற்றைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே தரத்தில் பிடித்தது. சைலன்சர் பக்கம் நின்று பார்த்தோம். நீலப்புகை வந்தால் என்ஜின் ஒயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பென்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. ஒன்றும் வரவில்லை. ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தோம், பால் மாதிரிக் களி பிடித்திருக்கவில்லை. ரேடியேற்றர் மூடியைக் கழற்றியபோது உள்ளே பச்சைக் கூலன்ற்.

"கிணத்துத் தண்ணி விட்டதே இல்லைப் பிள்ளை," என்றார் ஐயா. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. எங்கட வீட்டுக் கேத்திலில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ, அப்படியே ரேடியேற்றருக்குள்ளும் படியும். குழாய் அடைத்து என்ஜின் கொதித்துப் போன கார்கள் இங்கே எத்தனையோ.

பிறகு மீற்றரைப் பார்த்தேன். 412,000 சொச்சம். ஐயா என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு சீ.ஆர். ஒன்று காரின் பதிவுப் புத்தகம். மற்றது பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதுவோமே, தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி.

பதிவுப் புத்தகத்தில் பெயர் அவருடையது. எந்த லீசிங் கொம்பனியின் பெயரும் இல்லை. செசி நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போயின. கொப்பியைத்தான் நான் கனநேரம் பார்த்தேன்.

முதல் வரி 2003. கொழும்பில் வாங்கி, ஏ9 பாதையால் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி யாழ்ப்பாணம் கொண்டுவந்த நாள். மீற்றர் 78,000. அதிலிருந்து ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒயிலும் ஃபில்ட்டரும் மாற்றியது, திகதி, மீற்றர், எந்தக் கராஜ், எவ்வளவு காசு. அப்படி அறுபதுக்கு மேல். டைமிங் பெல்ற் நாலு தரம்: 102,000, 198,000, 287,000, 380,000. கிளச் பிளேற் மூன்று தரம். 287,000இல் என்ஜினை இறக்கி றிங்ஸும் பெயாரிங்கும் மாற்றியிருக்கிறார். சாமான் பஞ்சிகாவத்தையில் வாங்கினது, பற்றுச்சீட்டு ஒட்டியிருந்தது.

இன்னொரு விஷயமும் அந்தக் கொப்பியில் இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு வரிகள் ஐதாகிவிடுகின்றன. மூன்று வருடத்துக்கு மேலான காலத்தில் கார் ஓடியது வெறும் 11,000. சில மாதங்களுக்கு ஒரே வரி: "ஓட்டம் இல்லை. ஸ்டார்ட் பண்ணி விட்டது." 2010இல் இருந்து பக்கங்கள் நிறைகின்றன. சனம் கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் ஓடத் தொடங்கின காலம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஒயில் மாற்றம். 2020இல் மறுபடி வெறுமை. 2022இல் பெற்றோல் வரிசை, கியூஆர், ஒரு கிழமைக்கு இத்தனை லீற்றர் என்ற காலத்தில் மறுபடி "ஓட்டம் இல்லை". எங்கட ஆட்கள் எப்போது அடைபட்டுக் கிடந்தோம், எப்போது வெளியே போனோம் என்பதை ஒரு காரின் மீற்றர் எழுதிவைத்திருக்கிறது. அதைத் திருப்பி 90,000 ஆக்குவது ஒன்றும் கஷ்டமான வேலை அல்ல. அவரைக் கேட்டும் இருக்கிறார்கள்.

"ஒருத்தன் வந்து, மீற்றரைக் குறைச்சுத் தாறன், நாலு இலட்சம் கூட வித்துத் தாறன் எண்டவன்," என்றார் ஐயா. "இருபது வருசம் நான் முறிஞ்ச முறிவு ஒண்டும் நடக்கேல்லை எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?"

ஓடினது கூட என்பதால் கார் பழுது என்று ஆகாது. என்ஜின் கூடுதலாகத் தேய்வது குளிரில் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில்தான், ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர முன்னம். ஒரு நாளைக்கு நாலு தரம் கடைக்குப் போய்வருகிற கார், சூடேறி முடிய முதலே நிற்கும். ஒயிலுக்குள் ஈரம் சேரும். ஐயாவின் கார் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணினால் 400 கிலோமீற்றர் ஒரே சீராக ஓடியது. கிளச்சும் பிரேக்கும் பட்டணத்துக் கார் அளவுக்கு மிதிபடவில்லை. மற்றது, 4 இலட்சம் ஓடியது எது? என்ஜினின் உட்பாகங்கள் ஓடியது ஒன்றேகால் இலட்சம். டைமிங் பெல்ற் ஓடியது 32,000. எங்கட வீட்டுப் பனையோலை வேலியை அம்மம்மா காலத்தில் இருந்து ஆண்டுக்கு ஆண்டு அடைக்கிறோம். ஓலை எல்லாம் மாறிவிட்டது, கதியாலும் பாதி மாறிவிட்டது. ஆனாலும் அது அதே வேலிதான். ஒரு வருடம் அடைக்காமல் விட்டிருந்தால்தான் வேலி இல்லாமல் போயிருக்கும்.

விலை பேச முதல் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. அடுத்த நாள் ஐயாவே காரை எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பாவைப் படியடியில் இருந்து நடத்திக் கூட்டிவந்தோம். பயிற்சி கொடுக்கும் மிஸ் சொல்லித் தந்த முறை: முதலில் முதுகைக் காட்டி சீற்றில் இருக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுக்க வேண்டும். உயரமான ஜீப்பில் இது நடக்காது. அப்பா இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார். இடது கால் உள்ளே போனது. வலது காலை இடது கையாலேயே தூக்கி வைத்தார். யாரும் தொடவில்லை. நிமிர்ந்து முன்கண்ணாடியால் பார்த்தார். 64 வயதில், எங்கட வீட்டுக்கு வரப்போகிற முதல் காரில் அவர் இருக்கிறார்.

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்று அவரும் கேட்டார்.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐயா, மண்ணெண்ணெயிலை ஓடேல்லைத்தானே?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கட வயசுக்காரருக்குப் பாதிதான் விளங்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது, யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்தக் கால என்ஜின்களின் அழுத்தம் குறைவென்பதால் அது சாத்தியப்பட்டது. புகை கண்ணைக் குத்தும், ஆனால் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் பிறந்ததும் அப்படி ஒரு காரில் அம்மா போய்த்தான். எங்கட ஊருக்குப் பழைய கார் என்பது வசதியில்லாதவனின் கார் என்ற அர்த்தம் பிறகு வந்தது. அதற்கு முதல் அது எங்களைக் காப்பாற்றின சாமான்.

28 சொன்னார். 26க்கு முடிந்தது. பெயர் மாற்றத்தை அந்தக் கிழமையே இருவருமாகப் போய்ச் செய்தோம். ஓப்பன் பேப்பர் என்ற சொல்லையே ஐயா எடுக்கவில்லை. சாவியைத் தரும்போது மட்டும், "நீங்கள்தானே ஓட்டப் போறது? கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடாதேங்கோ பிள்ளை" என்றார். என்னிடம் நேரே சாவியைத் தந்த முதல் ஆள்.

ஒதுக்கி வைத்த 2 இலட்சத்தில் 1 இலட்சத்து 85 ஆயிரம் முதல் மாதமே போனது. டயர் நாலும் பார்க்க நல்லாகத்தான் இருந்தன. ஆனால் பக்கத்தில் நாலு இலக்கம் அடித்திருப்பார்கள், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். எங்களுடையதில் 16 என்று முடிந்தது. எட்டு வருட ரப்பர். மாற்றினோம். பற்றரி, முன் பிரேக் பாட், தண்ணீர்க் குழாய்கள், என்ஜின் மவுண்ட் இரண்டு. இவற்றை வாங்கின விலையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு. எங்கட காரின் விலை 26 அல்ல, 27 இலட்சத்து 85 ஆயிரம்.

இரண்டாவது வாகனத்துக்கு வருகிற வருத்தம் ஓட்டத்தால் வருவதைவிட நிற்பதால் வருவதே கூட. பற்றரி இறங்கும், டயர் ஒரே பக்கத்தில் அமுங்கும், எலி வயரைக் கடிக்கும். அதனால் அப்பாவுக்குப் பயிற்சி இல்லாத கிழமையிலும் ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஓட்டுகிறேன். பருத்தித்துறைக் கடற்கரை வரை போய்வந்தால் சரி. ஸ்டார்ட் பண்ணி முற்றத்தில் பத்து நிமிடம் விட்டால் காணாது, என்ஜின் வடிவாகச் சூடேற வேண்டும்.

ஊரில் கதை வராமல் இல்லை. "பிரான்சிலை தமக்கை இருக்கேக்கை உந்தப் பழசோ?" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். அம்மா, "ஓம், பழசுதான். நாங்களும் பழசுதானே" என்றாவாம். அக்காவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "2010 யூலையிலை கட்டுநாயக்கா எண்டு ஒரு வரி கிடக்கு. நான் போனதும் அந்த மாசம்தான். என்ன கார் எண்டு எனக்கு ஞாபகம் இல்லை, வெள்ளை எண்டு மட்டும் தெரியும்" என்று எழுதியிருந்தாள். அது இந்தக் காராக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அந்த மாதம் எத்தனை வெள்ளைக் கார்கள் எத்தனை அக்காமாரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஆனால் அதன் பிறகு அவள் லீசிங் கதை எடுக்கவில்லை.

ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் அப்பாவைக் கொண்டுபோனோம். முழுக்கத் திரும்பவில்லை. தடியோடு முற்றத்தில் நடக்கிறார், தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் பூட்ட இன்னும் முடியவில்லை. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னபோது மிஸ், எழுதப் பழக்குங்கோ என்றார். எதை எழுதுவது என்று யோசித்துவிட்டுக் கொப்பியையும் பேனையையும் அப்பாவிடம் கொடுத்தேன். ஐயாவின் சாய்ந்த கையெழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே இப்போது இன்னொரு கையெழுத்து போகிறது. முதல் பக்கத்தில் ஒரு இலக்கம் மூன்று கோடு அளவுக்குப் பெரிது. நாலாம் பக்கத்துக்கு வரும்போது கோட்டுக்குள் இறங்கிவிட்டது.

கடைசியாக எழுதியிருப்பது, 417,000, ஒயில், ஃபில்ட்டர். அடுத்தது 422,000இல்.